குமிழிக்குள் என்ன இருக்கிறது

அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கேள்விக்குறி. வாயைத் திறந்தால் கேள்வியைத் தவிர வேறெதுவும் வராது என்பது ஒரு காரணம். முதுகு லேசாக வளைந்து, தலை முன்னால் நீண்டு, தூரத்திலிருந்து பார்த்தாலும் அவர் அப்படியே இருப்பார் என்பது இன்னொரு காரணம். பட்டப்பெயர் வைப்பதில் மாணவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இது அவர் காதுக்கும் எட்டியது. கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, "அந்தப் பேர் எனக்கு ஏன் பொருந்துதுன்னு நினைக்கிறீங்க?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டார். அதற்குமேல் யார் என்ன செய்ய முடியும்?

அவர் பிறந்தது முதலே இப்படி இல்லை. பல வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பாடம் நடத்திய ஆள்தான். கையில் குறிப்பு கிடையாது. பலகையின் இடது மூலையில் ஆரம்பித்தால் வலது மூலையில் போய் முடிப்பார். பிள்ளைகள் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள், கொதிநிலையைப் பற்றி ஒரு மணி நேரம் பொழிந்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கீழேயிருந்து பெரிய பெரிய குமிழிகள் வருகின்றனவே, அவற்றுக்குள் என்ன இருக்கிறது? காற்று என்றார்கள் பாதிப் பேர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றார்கள் கொஞ்சம் விவரமானவர்கள். வெப்பம் என்றான் ஒருவன். சரியான பதிலைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மணி நேரம் தான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்.

அந்த விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனார். மாணவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாடம் ஏறாது, அவர்களே யோசித்து, பேசி, சண்டை போட்டு, தப்பு செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். சொன்னதோடு விடவில்லை, செய்தும் காட்டினார்கள். மனிதர் மதம் மாறியவரைப் போலத் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவருடைய வகுப்பு இப்படித்தான் நடக்கும். திரையில் ஒரு கேள்வி, அதற்கு நான்கு விடைகள். மாணவர் ஒவ்வொருவரிடமும் நாலு நிறத்தில் ஒரு அட்டை. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். யாரோடும் பேசாமல் யோசித்து, தன் விடைக்கான நிறம் முன்னால் தெரிகிற மாதிரி மடித்துத் தூக்க வேண்டும். அவர் மேடையிலிருந்து நிறங்களைப் பார்ப்பார். பிறகு, "பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்க. உங்க விடைதான் சரின்னு அவங்களை ஒத்துக்க வையுங்க" என்பார். அவ்வளவுதான், அரங்கம் சந்தைக்கடையாகிவிடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அட்டை. இந்த முறை நிறங்கள் பெரும்பாலும் ஒன்றாகியிருக்கும். கடைசியில், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், சரியான விடை எது, ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்பார்.

முறையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அது நன்றாகவே வேலை செய்தது. தேறாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் தேறினார்கள். வேதியியல் என்றால் காத தூரம் ஓடியவர்கள் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டிலும் அதே சண்டையைத் தொடர்ந்தார்கள். சக ஆசிரியர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். வினை வேறெங்கோ இருந்தது. மனிதர் அந்த முறையை வகுப்போடு விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவியும்தான். பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களையும், எழ முடியாதவர்களையும் நடக்க வைப்பது அவள் தொழில். "காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். வலிக்கும், தெரியும், தூக்குங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவள். அவளிடம் யாரும் எதற்கும் இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்காது.

அந்த நாலு நிற அட்டைகளை வெட்டியதே அவள்தான். கல்யாணமான புதிதில் வாங்கிய சின்னச் சாப்பாட்டு மேசையும், இரண்டு மடக்கு நாற்காலிகளும் அந்த வீட்டில் இன்னும் இருந்தன. வாடகை அறை சின்னதாக இருந்ததால் அப்போது மடக்கு நாற்காலி வாங்கினார்கள். வீடு பெரிதான பிறகும் மாற்றத் தோன்றவில்லை. அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அவர் ஒட்ட, அவள் வெட்ட, அட்டைகள் குவிந்துகொண்டிருந்தபோது, புது மோகத்தில் அவளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கொதிக்கிற தண்ணியில வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

"காத்துதான்" என்றாள் கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன் காத்துன்னு நினைக்கிறே?"

"பலூன்ல காத்து, சைக்கிள் ட்யூப்ல காத்து. குமிழில மட்டும் வேற என்ன இருக்கும்? சரியா, தப்பா?"

"பக்கத்துல இருக்கறவங்களோட பேசிப் பாரு."

"பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க!"

அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு விளையாட்டாகவும், போகப் போக ஒரு வீம்பாகவும் ஆனது. எங்கேயாவது தேடிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். தேடவில்லை. "நீங்களா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். டீக்குத் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம், "இப்பவாவது சொல்லலாமில்ல?" என்பாள். "யோசி" என்பார் அவர். வகுப்பிலாவது கடைசியில் மணி அடிக்கும். அதற்கு முன்னால் பதிலைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் மணி ஏது?

குமிழியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எந்தத் திரைச்சீலை வாங்கலாம் என்று கேட்டால், "உனக்கு எது பிடிச்சிருக்கு? ஏன்?" என்பார். தங்கச்சியோடு போட்ட சண்டையில் என் பக்கம் நியாயமா என்று கேட்டால், "அவ இடத்துல இருந்து பார்த்தா எப்படித் தெரியும்?" என்பார். பதிலைச் சொன்ன அடுத்த நிமிஷமே எதிராளி யோசிப்பதை நிறுத்திவிடுவார் என்று முகாமில் சொல்லிக்கொடுத்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். இது அவளுக்குத் தான் காட்டும் மரியாதை என்றும் மனதார நம்பினார். சுற்றி இருக்கிற ஆண்களெல்லாம் மனைவியை அதட்டிக்கொண்டிருக்க, தான் மட்டும் அவளை யோசிக்க விடுகிற மனிதன் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்போதுதான் அவளுடைய மருத்துவமனை வேறொரு நகரத்தில் கிளை தொடங்கியது. ரயிலில் போனால் முக்கால் பகல் பயணம். பிசியோதெரபிப் பிரிவை நிறுவ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போகட்டுமா, வேண்டாமா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். உங்களைக் கேக்கறேன்."

"போனா என்ன நல்லது, என்ன கஷ்டம், இருந்தா என்ன நல்லது, என்ன கஷ்டம். ரெண்டு பக்கமும் யோசிச்சுப் பாரு. சேர்ந்து பேசலாம்."

 அவள் எழுந்து போய், அலமாரியில் மிச்சமிருந்த அட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சிவப்பு போகலாம். பச்சை வேண்டாம். ஒண்ணைத் தூக்குங்க. ஒரே ஒரு தடவை."

"வாத்தியார் ஓட்டுப் போடக் கூடாதும்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ரயில் நிலையத்தில்கூட அவர், "அங்க போய் எப்படி இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டாராம். அவர் வாயைத் தைத்துவிட வேண்டும் போல எனக்கே இருக்கிறது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் அவள் விடுமுறைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். வேலை கூடியதும் வருவது குறைந்தது. அவர் தொலைபேசியில், "நான் வரட்டுமா?" என்று கேட்பார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பாள் அவள். தன்னுடைய வாக்கியம் தனக்கே திரும்பி வந்தபோது அவருக்கு அது பிடிபடவில்லை. அவளுக்குத் தன்னுடைய வருகை அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை.

பேராசிரியரின் நாள் இப்போது இப்படிப் போனது. காலையில் எழுந்து கண்ணாடிக் கெட்டிலில் தண்ணீர் வைப்பார். கை தன்பாட்டுக்கு இரண்டு பேருக்கு ஊற்றிவிடும். பாதியைத் திருப்பிக் கொட்டுவார். கெட்டிலுக்குள் குமிழிகள் எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இப்பவாவது சொல்லலாமில்ல என்று கேட்க அந்தச் சமையலறையில் ஆளில்லை. மேசையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பார். எதிர் நாற்காலியில் யாரும் உட்காராததால் அது மெல்ல மெல்ல பரண் ஆகிவிட்டது. திருத்திய விடைத்தாள், திருத்தாத விடைத்தாள், கிழிந்துபோன அட்டைகள் எல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

வகுப்பில் மட்டும் கூட்டம் இருக்கும். அதுவும் வேறு மாதிரியான தண்டனை. "பேசுங்க" என்று அவர் சொன்னதும் அரங்கம் முழுக்கப் பேசும். அவரோடு மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அவர் படிகளில் ஏறி இறங்கி, இந்தக் கும்பலையும் அந்தக் கும்பலையும் கடந்து நடப்பார். அவர் அருகில் வந்தால் குரல்கள் கொஞ்சம் தாழும், தாண்டியதும் உயரும். பாடம் நடத்திய காலத்தில் தன் குரலையாவது கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. சில நாட்களில், சாயங்காலம் பால் வாங்கும்போது கடைக்காரரிடம் பேச வாய் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து நாலு வாக்கியம்கூடப் பேசியிருக்கமாட்டார்.

அந்த அரங்கத்தில் அவரைப் போலவே இன்னொரு ஜீவனும் இருந்தது. கடைசிக்கு முந்திய வரிசையில், தூணை ஒட்டி உட்காரும் ஒரு மாணவி. அவளோடு உட்கார்ந்திருந்த தோழி வேறு படிப்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பக்கம் தூண், மறுபக்கம் காலி இருக்கை. பக்கத்திலிருப்பவரோடு பேசுங்கள் என்று அவர் சொல்கிற ஒவ்வொரு முறையும் அவள் தன் அட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பாள். இரண்டாவது ஓட்டில் எல்லோருடைய நிறமும் மாறும். அவளுடையது மாறாது. மாற்றிக்கொள்ளச் சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

அவர் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு தடவை, "முன் வரிசையில போய்ச் சேர்ந்துக்கோ" என்றார். போனாள். அங்கிருந்த மூன்று பேர் இடம் விட்டார்கள், பேச்சில் விடவில்லை. ஒப்புக்கு உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வகுப்பில் தூணுக்கே திரும்பிவிட்டாள். தானே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாமா என்று அவருக்குத் தோன்றும். ஆசிரியர் எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்ற விதி காலைப் பிடித்து இழுக்கும். அப்படியே கடந்து போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மனைவி அழைத்தாள். சாப்பிட்டீங்களா, முதுகுக்குச் சொன்ன பயிற்சியைச் செய்யறீங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"இங்க என்னை நிரந்தரமாவே இருக்கச் சொல்றாங்க. இல்லைன்னா பழையபடி அங்கேயே மாத்திக் கொடுப்பாங்களாம். இந்த வாரத்துக்குள்ள சொல்லணும்."

வந்துவிடு என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பல வருஷப் பழக்கம் தன் வேலையைக் காட்டியது.

"நீ என்ன நினைக்கிறே?"

மறுமுனையில் அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு அந்த மௌனத்தை நிரப்பிவிடக் கூடாது என்பதும் முகாமில் கற்றதுதான். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"சரி, வைக்கிறேன்" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அவர் அலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் அது இருந்தது. அவள் யோசித்து முடிவு செய்து சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அழைப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவருடைய அறைக் கதவை யாரோ தட்டினார்கள். தூணடி மாணவி. உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் கெமிஸ்ட்ரியை விட்டுட்டு வேற பிரிவுக்கு மாறிடட்டுமா?"

"நீ என்ன நினைக்கிறே?" என்றார் அவர். நினைத்துச் சொன்னதல்ல. தும்மல் வருகிற மாதிரி அது வந்துவிடும்.

அவள் பேசவில்லை. அவரும் விதிப்படி காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பூட்டியவர் போயும் விட்டார்.

"சார்" என்றாள் அவள் கடைசியில்.  "நினைக்கறதுக்கு எனக்கு நிறைய நேரம் கிடைக்குது சார். வகுப்புல எல்லாரும் பேசும்போது நான் நினைச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஹாஸ்டல்லயும் அதான். நினைச்சு முடிச்சுட்டுதான் இங்க வந்தேன். நான் என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு உங்க வாயால சொல்லிக் கேக்கணும், அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையில், நகர்த்தி வைத்த தட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அப்போது காதில் விழுந்தது இப்போதுதான் உள்ளே போனது.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"போகாதேன்னு நினைக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார். "நீ இருக்கணும். முதல் ஓட்டுல நீ தூக்கற நிறம் நிறைய தடவை சரியா இருக்கு. மத்தவங்க பேசிப் பேசி வந்து சேர்ற இடத்துல நீ முன்னாடியே உக்காந்திருக்கே. நான் அதைப் பார்த்திருக்கேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும். உன் பக்கத்துல வந்து உக்காந்தும் இருக்கணும். செய்யல. தப்பு என்னோடது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"தேங்க்ஸ் சார். ஆனா நான் மாறிடுவேன்னுதான் சார் நினைக்கிறேன். என் ஃப்ரெண்டு படிக்கற பிரிவு எனக்கும் பிடிச்சிருக்கு." கதவு வரை போய்த் திரும்பினாள். "நீங்க இருன்னு சொன்னது நல்லா இருந்துது சார். இல்லைன்னா, போனாலும் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது. பேராசிரியர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பதிலைச் சொன்னால் எதிராளி யோசிப்பதை நிறுத்திவிடுவார் என்று இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தாரே, இந்தப் பெண் நிறுத்தவில்லையே! பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு, தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியானால் அவர் பயந்தது எதற்கு? யோசிக்க யோசிக்க உண்மை வெளியே வந்தது. அது அவ்வளவு அழகாக இல்லை. போகாதே என்று மனைவியிடம் சொல்லி, அவள் இருந்துவிட்டு, பிற்பாடு ஒரு நாள் உங்களால்தான் என்று சொல்லிவிட்டால்? போ என்று சொல்லி, அவள் போயே விட்டால்? எதைச் சொன்னாலும் பழி தன் தலையில் விழும். கேள்வியாகத் திருப்பிவிட்டால் ஒரு பழியும் இல்லை. மரியாதை என்று அவர் பெயர் வைத்திருந்தது பாதிக்குப் பாதி கோழைத்தனம். சே என்று இருந்தது அவருக்கு.

பிற்பகல் வகுப்பில் எப்படியோ தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அலைபேசியை எடுத்தார். நாளை வெள்ளிக்கிழமை. வாரம் முடிகிறது. கடைசியில் இந்த வீட்டிலும் மணி அடிக்கப் போகிறது.

"என்னங்க?" என்றாள் அவள் பதறிப்போய். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. உடம்புக்கு என்ன?"

"தண்ணிதான்" என்றார்.

"என்ன தண்ணி?"

"குமிழிக்குள்ள. கொதிக்கும்போது வர்றது காத்து இல்ல. தண்ணியேதான், ஆவியா மாறி வருது. அடுப்புல வெச்ச புதுசுல சின்னச் சின்னதா வருமே, அதுல மட்டும் காத்து. அதனால நீ சொன்னது முழுக்கத் தப்பும் இல்ல."

 "இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?" என்றாள்.

"இல்ல. நீ போக வேண்டாம்னு அன்னைக்கே நினைச்சேன். பச்சைதான் என் மனசுல இருந்துது. தூக்கல. இப்பச் சொல்றேன். நீ திரும்பி வந்துடு. நீ இல்லாம இந்த வீட்டுல எனக்குப் பேச்சே மறந்துபோச்சு. எனக்கு நல்லா இல்லம்மா. கொஞ்சமும் நல்லா இல்ல."

இப்போது அவள் பேசாமல் இருந்தாள். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நிற்கக்கூடிய மனிதருக்கு, பதிலைச் சொல்லிவிட்டு நிற்கும் அந்தச் சில நொடிகள் உயிர் போகிற மாதிரி இருந்தன.

"நேத்தே சரின்னு சொல்லிட்டேங்க" என்றாள் அவள். "இங்கேயே இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போனை வெச்சப்புறமும் பார்த்தேன். திங்கக்கிழமை கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன்." அவள் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "நீங்க சொல்லியிருந்தா இருந்திருப்பேன்னு நான் சொல்லல. அன்னைக்கும் சரி, இப்பவும் சரி, ஒருவேளை போகத்தான் போயிருப்பேன். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. ஆனா வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி, அதையும் தாண்டிப் போறது வேறங்க. வீட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம பெட்டியைத் தூக்கிட்டுப் போறது வேற."

"ஆமா" என்றார் அவர். வேறு சொல்ல என்ன இருக்கிறது? முடிவை மாற்ற முடியாதா என்று கேட்க வாய் வந்தது. அதை விழுங்கினார். இந்த முறை விழுங்க வேண்டியது அதுதான். எதிர் நாற்காலியில் குவிந்து கிடந்த காகிதங்களைப் பார்த்தபடி நின்றார்.

"சனிக்கிழமை காலை வண்டிக்கு நான் வரேன்" என்றார்.

"வரட்டுமான்னு கேக்கறீங்களா?"

"கேக்கல. வரேன்."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, மிகச் சாதாரணமான குரலில், வீட்டுச் சாமான் பற்றிப் பேசுகிறவளைப் போலச் சொன்னாள்.

"இங்க ஒரு நாற்காலிதான் இருக்கு."

"என்ன?"

"மேசைக்கு. வந்த புதுசுல ஒண்ணுதான் வாங்கினேன். ரெண்டாவது எதுக்குன்னு வாங்கவே இல்ல. நீங்க அப்பப்ப வரட்டுமா வரட்டுமான்னு கேப்பீங்க, அப்பல்லாம் அதைத்தான் பார்ப்பேன்."

 இரண்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"இங்கேருந்து ஒண்ணு கொண்டு வரேன்" என்றார்.

"குனிஞ்சு தூக்காதீங்க. முதுகு பிடிச்சுக்கும். முழங்காலை மடக்கி உக்காந்து, முதுகை நேரா வெச்சுத் தூக்குங்க. புரியுதா?"

"புரியுது."

பேச்சு முடிந்ததும் அவர் எதிர் நாற்காலியின் மேலிருந்த விடைத்தாள்களையும் கிழிந்த அட்டைகளையும் அள்ளித் தரையில் வைத்தார். அதை மடக்கிப் பல காலம் ஆகியிருந்தது. கீல் இறுகிப்போய் முதலில் முரண்டு பிடித்தது, இரண்டு தட்டுத் தட்டியதும் மடிந்தது. அவள் சொன்னபடியே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதுகை நேராக வைத்துத் தூக்கி, சனிக்கிழமைக்காக அதை வாசல் கதவோரம் கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார்.